ரோமானிய வெள்ளிக் காசைப் படித்தறியும் முறை

பழைய ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று கைக்கு வந்தால், அதிலுள்ள தலை யாருடையது என்று பார்க்கவே மனம் விரையும். எனினும் எடையிலிருந்து தொடங்குவதே நல்லது. நகைக்கடைத் தராசு போதும். கி.மு. 211 வாக்கில் ஏறத்தாழ 4.5 கிராம் எடையுடன் அறிமுகமான தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக் காசு, பிற்பாடு 3.9 கிராம் அளவுக்கு இறங்கி நெடுங்காலம் நிலைத்திருந்தது. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ அதனைச் சுமார் 3.4 கிராமாக்கியதோடு வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். தேய்மானத்துக்குச் சற்று விட்டுக்கொடுத்தே இந்த எண்களை ஒப்பிட வேண்டும்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். இக்காசுகள் இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டவை. ஆகவே விளிம்பில் வெடிப்பு இருப்பது இயல்பு, சுற்றிலும் ஒட்டுக்கோடும் பரப்பில் காற்றுக்குமிழ்க் குழிகளும் இருப்பின் அது வார்ப்பு நகல் என ஐயுறலாம். வெள்ளிக்கு அடியில் செம்பு தெரிந்தால் அக்காலத்திலேயே செய்த முலாம் பூசிய போலியாக இருக்கக்கூடும். அதுவும் வரலாற்றுச் சான்றே, எறிந்துவிட வேண்டாம்.

எழுத்துகளைப் பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே இடப்புறம் தொடங்கி வலஞ்சுழியாகப் படிக்க வேண்டும். சொற்கள் சுருக்கமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். பேரரசரின் பெயரைவிடப் பட்டங்களே காலத்தைத் துல்லியமாகச் சொல்லும். பேரரசர் டிராஜன் காசில், கான்சல் என்னும் ரோமானிய உயர் ஆட்சிப் பதவிக்கான சுருக்கத்தை அடுத்து ஐந்து என்ற எண் இருப்பின் அது கி.பி. 103 முதல் 111 வரையிலானது. ஆறு இருப்பின் 112-க்கும் 117-க்கும் இடைப்பட்டது. ரோமின் கிழக்கிலிருந்த பார்த்தியப் பேரரசை வென்றவர் என்ற பட்டமும் சேர்ந்திருந்தால் ஆட்சியின் இறுதிக்கட்டம். தலையில் கதிர்முடி கொண்ட வெள்ளிக் காசு, 215-இல் பேரரசர் காரகல்லா வெளியிடத் தொடங்கிய அந்தோனினியானஸ் வகையாகும். பின்வந்த பேரரசர் இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் அதில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.

கொங்குப் பகுதிப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்தவை இரண்டு வகைகளே: கையுஸ், லூசியுஸ் என்னும் இளவரசர் இருவரைக் கேடயங்களோடு காட்டும் பேரரசர் அகஸ்டஸ் காசும், அமர்ந்த பெண்ணுருவைக் காட்டும் பேரரசர் திபேரியஸ் காசும். இவற்றை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

புளியோ பற்பொடியோ இட்டுத் தேய்க்கவே கூடாது. நிலத்தில் புதையலாகக் கிடைத்தவை எனில், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.