பாஸ்படேஸ் என்ன செய்கிறது? தாளும் அழிப்பானும் வைத்து ஒரு செய்முறை

ராமநாதபுரம் கடலோரத்தில் கல்லூரி முதலாண்டு உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். தாள், பென்சில், அழிப்பான் போதும். பாஸ்படேஸ் என்பது புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை நீக்கும் நொதி. இங்கே அழிப்பான்தான் பாஸ்படேஸ்.

படி 1: கரைவலை இழுப்பவரின் கைத்தசைச் செல் ஒன்றை வரையுங்கள். உள்ளே இரண்டு வட்டங்கள். ஒன்று கிளைக்கோஜனை (செல் சேமித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலி) உடைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதி, மற்றது கிளைக்கோஜனைச் சேர்த்துவைக்கும் சிந்தேஸ் நொதி.

படி 2: வலை கனக்கிறது, அட்ரினலின் ஏறுகிறது. கைனேஸ்கள் என்ற நொதிகள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து இரண்டிலும் ஒட்டுகின்றன. வட்டங்களின் மேல் ‘பா’ என்று எழுதுங்கள். பாஸ்பாரிலேஸ் முடுக்கம் பெறும், சிந்தேஸ் அடங்கும்.

படி 3: வலை கரையேறியது, சோறும் சாப்பிட்டாயிற்று. இன்சுலின் கூடுகிறது. இப்போது பிபி1 என்ற பாஸ்படேஸ், நீர் மூலக்கூறைக் கொண்டு பாஸ்பேட்டை வெட்டி எடுக்கிறது. செலவான ஏடிபி திரும்பி வராது. இரண்டு ‘பா’வையும் அழியுங்கள். பாஸ்பாரிலேஸ் அடங்குகிறது, ஆனால் சிந்தேஸ் எழுகிறது! பாஸ்படேஸ் என்றால் ‘நிறுத்தும் நொதி’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். எதிலிருந்து பாஸ்பேட்டை எடுக்கிறது என்பதுதான் கேள்வி. உயிர்வேதியியலாளர்களான கோரி தம்பதி, பாஸ்பாரிலேஸை அடக்கும் இந்தப் பாஸ்படேஸை 1940களிலேயே கண்டார்கள். அது நீக்குவது பாஸ்பேட்டைத்தான் என்பது பிஷரும் கிரெப்ஸும் 1950களில் செய்த ஆய்வுக்குப் பிறகே தெளிவானது. அந்த இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

படி 4: சரி, எதை வெட்டுவது என்று யார் சொல்வது? பக்கத்தில் பிபி2ஏ என்ற இன்னொரு பாஸ்படேஸை வரையுங்கள். அதில் மூன்று துண்டுகள். விசைப்படகு மாதிரி: ‘ஏ’ படகின் உடல், ‘சி’ எஞ்சின், ‘பி’ சுக்கான் பிடிப்பவர். ‘பி’ துண்டில் பல வகை உண்டு, ஆள் மாறினால் போகும் இடமும் மாறும்.

படி 5: அழிப்பானை எடுத்து ஒளித்துவையுங்கள். ஒக்கடாயிக் அமிலம் என்ற நஞ்சு செய்வது இதுதான். முதலில் ஒரு கடற்பஞ்சில் கண்டறியப்பட்ட இதை உண்டாக்குவது மிதவை நுண்ணுயிர்கள். கடல்நீரை வடிகட்டி உண்ணும் மட்டி, சிப்பிகளில் அது சேரலாம். அப்படிச் சேர்ந்ததைச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. அது பிபி2ஏ-வை மிக வலுவாகவும், பிபி1-ஐ அதற்கடுத்தும் தடுக்கிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் டௌ என்ற நரம்புச் செல் புரதத்தில் பாஸ்பேட் அளவுமீறிச் சேர்ந்திருக்கும், அங்கே பிபி2ஏ-வின் செயல் குறைவதும் காணப்பட்டிருக்கிறது.

படி 6: தடுப்பதே மருந்தாகும் இடமும் உண்டு. நோயெதிர்ப்புச் செல்லான டி செல் ஒன்றை வரைந்து, உட்கருவுக்கு வெளியே என்ஃபேட் என்ற புரதத்தை ‘பா’வோடு வையுங்கள். கால்சினியூரின் என்ற பாஸ்படேஸ் ‘பா’வை எடுத்தால்தான் என்ஃபேட் உள்ளே போய் நோயெதிர்ப்பு மரபணுக்களை இயக்கும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து கால்சினியூரினைத் தடுக்கிறது. இந்தப் படத்தில் ‘பா’வை அழிக்காமல் விட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று நீங்களே அம்புக்குறி போடுங்கள்.