காக்கர் ஸ்பானியலை வீட்டுக்கு அழைத்துவரும் முன்

காக்கர் ஸ்பானியல் என்னும் நாயின் தொங்கும் காதுகளையும் கெஞ்சும் கண்களையும் கண்டு மயங்கி அதை வாங்குவோர் பலர். புதருக்குள் புகுந்து பறவைகளை எழுப்புவதற்கென்றே வளர்க்கப்பட்ட வேட்டைத் துணை அது என்பதை அவர்கள் சில வாரங்கள் கழித்தே உணர்கின்றனர். உட்காக் எனப்படும் உள்ளான் வகைப் பறவையின் வேட்டையில் உதவியதால்தான் அதற்கு அப்பெயரே வந்தது. அந்தப் பழைய தொழிலை அறிந்துகொண்டால், வீட்டில் அது செய்யும் பெரும்பாலான செயல்களுக்குக் காரணம் விளங்கிவிடும்.

முதலில், எந்தக் காக்கர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலக் காக்கரும் அமெரிக்கக் காக்கரும் தனித்தனி இனங்கள்; நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப் 1946-இல் இவற்றைப் பிரித்துப் பதிவு செய்தது. சுமார் 13 முதல் 14.5 கிலோ எடையுள்ள ஆங்கிலக் காக்கரைப் பற்றியே இங்கு கூறுகிறேன். அதிலும் கண்காட்சிக்காக வளர்க்கப்படும் வழி, வேட்டைக்காக வளர்க்கப்படும் வழி என இரண்டு உண்டு. வேட்டை வழியில் வந்தது பார்வைக்கு மெலிந்தும் முடி குறைந்தும் இருப்பதால் பராமரிப்பு எளிது என்று தோன்றும். ஆனால் அதன் சுறுசுறுப்புக்கு ஈடுகொடுக்க முடியாத வீட்டில் அதன் கவனம் சோபாவின் மீது திரும்பும்.

குட்டியைத் தாயுடன் சேர்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் அந்நியரை எப்படி எதிர்கொள்கிறது என்பது, குட்டியின் குணத்தைப் பற்றி விற்பவர் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்லும். பார்வையைப் படிப்படியாக இழக்கச் செய்யும் விழித்திரை நோய்க்கும், இளம் வயதிலேயே வரும் பரம்பரைச் சிறுநீரக நோய்க்கும் மரபணுச் சோதனைகள் உள்ளன. தாய், தந்தை இரண்டின் சான்றுகளையும் கேளுங்கள். இக்கேள்வியால் எரிச்சலடைபவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை.

வேட்டையில் வீழ்ந்த பறவையைச் சிதைக்காமல் கவ்வி வருவதும் இதன் வேலையாக இருந்தது. எனவே காலுறை, செருப்பு, குழந்தையின் பொம்மை என எதையாவது வாயில் சுமந்து திரிவதைக் குறும்பு என்று கருதித் துரத்திப் பிடுங்கக் கூடாது. பிடுங்கப் பிடுங்க, வைத்திருப்பதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்து, உறுமலில் போய் முடியும். ஒரு தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைக் குட்டிப் பருவத்திலேயே ஏற்படுத்துங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடக்கூடாது என்பதைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதும், சிறு குழந்தையை அதனுடன் தனியே விடாமல் இருப்பதும் பெரியவர்களின் பொறுப்பு. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நடை வேண்டும். அந்நடையில் மோப்பம் பிடிக்க நேரம் கொடுங்கள். நிற்கவிடாமல் இழுத்துச் செல்லும் நடை அதன் கால்களை மட்டுமே களைப்பாக்கும்.

காதுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இவ்வினம் மருத்துவரிடம் அடிக்கடி செல்வதற்கு அவையே முக்கியக் காரணம். கனமான மடல் துளையை மூடிவிடுவதாலும், உட்புறம் முடி அடர்ந்திருப்பதாலும், காற்றோட்டமின்றி ஈரம் தங்கிக் கிருமிகளும் பூஞ்சைகளும் பெருகுகின்றன. வாரம் ஒருமுறையாவது மடலைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பாருங்கள். புளித்த நாற்றம், சிவப்பு, பழுப்பு நிறக் கசிவு, அடிக்கடி தலையை உதறுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பழைய சொட்டு மருந்தைத் தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் நுழைக்கவே கூடாது. அது அழுக்கை உள்ளேதான் தள்ளும். குளித்த பின்னும் நீந்திய பின்னும் காதுகளை நன்கு துடைத்து உலர்த்துங்கள். துளையைச் சுற்றியுள்ள முடியை முறையாகக் குறைக்குமாறு முடி திருத்துபவரிடம் சொல்லுங்கள். வாய் குறுகிய உணவுக் கிண்ணம் வாங்கினால் மடல் வெளியே தொங்கும், சோற்றில் தோயாது.

முடியை வாரத்திற்கு இரண்டு மூன்று முறை சீவினால் போதும். காதின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றில்தான் சிக்கு விழும். உணவை அளந்தே கொடுங்கள். விலாவைத் தடவும்போது எலும்புகள் கைக்குத் தட்டுப்படாவிட்டால் எடை கூடிவிட்டது என்று பொருள். (அந்தக் கண்களை நம்பி இரண்டாம் முறை உணவிட்டவர்கள் ஏராளம்.)

மனிதருடன் நெருங்கி வேலை செய்து பழகிய இனமாதலால் தனிமையை இது எளிதில் தாங்காது. முதல் வாரத்திலிருந்தே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி நேரம் எனத் தனியே இருக்கப் பழக்குங்கள். வீட்டில் எல்லோரும் நாள் முழுவதும் வெளியே இருப்பவர்களானால், காக்கர் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.