கணக்கெடுக்கும் முன் சுத்தம் செய்யாதீர்கள்: நிவாரணப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்துக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தேன். "புயல் அடித்த மறுநாள் ஒரு கிராமத்துக்குப் போகிறீர்கள். முதல் வேலை என்ன?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "விழுந்து கிடப்பதை எல்லாம் அப்புறப்படுத்துவோம்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018இல் நானும் அதைத்தான் செய்தேன்.

ஓடும் வெள்ளத்தில் இறங்கக் கூடாது, ஊசிப்போன சாப்பாட்டைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய துணி

வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் யாரும் எடுக்காமல் தெருவோரம் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கணக்கெடுக்கும் முன் சுத்தம் செய்வது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. மூன்றாம் நாள் நாங்கள் ஒன்பது பேர், இரண்டு மரம் அறுக்கும் மெஷின்களோடு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர்க் கடைசியில் ஓர் அம்மாவின் தோப்பு. வீட்டுக்காரர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அவர் வீட்டு வாசலுக்குப் போகவே வழியில்லை. இரண்டு நாள் நின்று அறுத்தோம். மட்டைகளைக் கொளுத்தினோம். வேரோடு சாய்ந்த இடங்களில் குழிகளைக்கூட மூடினோம். துண்டுகளை ஒரு லாரிக்காரர் சூளைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்த அம்மா மோர் கொடுத்து, "நல்லா இருங்க தம்பி" என்றார். மனம் நிறைந்து ஊர் திரும்பினோம்.

அதற்கப்புறம்தான் அரசுத் தரப்பில் அங்கே சேதத்தைக் கணக்கெடுக்க வந்தார்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மொத்தம் 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. வந்தவர் கண்ணுக்குத் தெரிந்த மரங்களை எண்ணினார். பதினொன்று. நாங்கள் அறுத்தவை நூற்றுக்கு மேல். "இங்கே மரம் இருந்ததற்கு என்ன அடையாளம்?" என்று அவர் கேட்டார். அதில் தப்பு சொல்ல என்னால் முடியவில்லை. எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. கரண்ட் இல்லாததால் போனை அணைத்து வைத்திருந்தோம், ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா மனு மேல் மனு கொடுத்தார். நானும் கூடவே அலைந்தேன். கடைசிவரை பதினொரு மரத்துக்குத்தான் பணம் வந்தது. நூறு மரம் என்று வைத்தாலே 1,10,000 ரூபாய். அதை அவரிடமிருந்து பறித்தது புயல் இல்லை, எங்கள் அவசரம்.

இன்றைக்கும் இது என்னை உறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நிவாரணம் அரசு போடும் பிச்சை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். முகாமில் தங்குமிடம், சாப்பாடு, குடிநீர், மருத்துவம், விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் தனி ஏற்பாடு, உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் கருணைத்தொகை, பிழைப்பை மீட்க உதவி என இவற்றுக்கெல்லாம் குறைந்தபட்ச அளவை வகுக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், இது விரும்பினால் செய்யும் வேலை இல்லை, செய்தே ஆக வேண்டிய கடமை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே ஒவ்வொரு மரணத்துக்கும் 50,000 ரூபாய் வந்தது.

கடமை அரசுக்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்கான சான்று மக்கள் கையில் இருக்க வேண்டும். நாம் நல்ல மனதோடு போய் அந்தச் சான்றைக் கொளுத்திவிட்டு வருகிறோம். கிராமத்தில் எடுக்கும் கணக்குதான் தாலுகா, மாவட்டம், சென்னை என்று கூடிக்கூடி, மத்திய அரசிடம் கேட்கும் தொகையாகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலேயே நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு. ஊரில் விடுபட்டது டில்லி வரைக்கும் விடுபடும்.

ஆகவே வழியை மட்டும் திறந்து விடுங்கள். ஆள் போய்வர நான்கடி போதும். மற்ற மரங்களில் சுண்ணாம்பால் எண் போடுங்கள். நிலத்துக்காரரை நிற்க வைத்து, பின்னால் கோயிலோ மோட்டார் கொட்டகையோ தெரியும்படி படம் எடுங்கள். சர்வே எண், மரத்தின் எண்ணிக்கை, தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பக்கத்துக்காரர் இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வீடு என்றால் நான்கு பக்கமும் படம் வேண்டும். மாடு, ஆடு செத்திருந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 2022இல் மத்திய அரசு வகுத்த விதிமுறைப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். புதைத்த பிறகு வந்து நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. குத்தகைக்குப் பயிர் வைத்தவர் என்றால் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு) யார் பேரில் இருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஹெலிகாப்டரைக் கூப்பிடுவது

ராணுவத்தை, விமானப்படையை நீங்களும் நானும் கூப்பிட முடியாது, எம்.எல்.ஏ.வும் நேரடியாகக் கூப்பிட முடியாது. கலெக்டர் கேட்க வேண்டும், மாநில அரசு வழியாக அது மேலே போக வேண்டும். எல்லையைக் காப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. சிவில் நிர்வாகம் கேட்டால் உதவிக்கு வந்து, முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். இதற்கென்றே இருப்பது தேசியப் பேரிடர் மீட்புப் படை. உள்நாட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் அதே உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நமக்கு அருகில் அதன் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுவது: மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. ஒருவர் மட்டும் பேசுங்கள். எத்தனை பேர், கர்ப்பிணி உண்டா, டயாலிசிஸ் நோயாளி உண்டா, எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரே வீட்டுக்காக நான்கு பேர் நான்கு இடத்தில் பேசியதால், படகு ஒரே தெருவுக்கு இரண்டு முறை போனதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தெருவில் ஒரு பாட்டி மொட்டை மாடியில் நனைந்துகொண்டிருந்தார்.

படைத்தளத்தைப் படம் எடுப்பது

கூடாது. 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடியபோது அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. பொதுமக்களை உள்ளே விட்டார்கள் என்பதால் அது பொது இடம் ஆகிவிடாது. அங்கே ட்ரோன் பறக்க விடுவதும் கூடாது.

காணாமல் போனவரை வாய்ச்சொல்லாக விடுவது

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரியைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. தூத்தூர் பக்கம் பங்குத் தந்தைகள் வைத்திருந்த பட்டியலும் அரசுப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் ஏழு ஆண்டு தகவலே இல்லாமல் போனால்தான் இறந்தவராகச் சட்டம் கருதும். பேரிடரில் அதற்கு முன்பே குடும்பத்துக்கு வழி செய்ய அரசால் முடியும். ஆனால் அவர் கடலுக்குப் போனார் என்பதற்கு எழுத்து வேண்டும். கரையில் அழுதுகொண்டிருக்கும் அவர் வீட்டுப் பெண்ணால் அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போக முடியாது. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554இல் சொல்லுங்கள். காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். படகின் பதிவு எண், கிளம்பிய நாள், கூடப் போனவர்கள் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். படகு எண் வீட்டில் தெரியவில்லை என்றால் துறைமுக டீசல் பங்கில் கேளுங்கள், கடைசியாக எண்ணெய் போட்ட நாளோடு அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.