முதுகுத்தண்டு அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்புவது எப்படி: புதிதாக வேலைக்கு வரும் மருத்துவ சமூகப் பணியாளர்களுக்கு

பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர் வார்டுக்கு வந்தால், ஆபரேஷன் முடிந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிய பிறகு ஓடினால் ஒன்றும் நடக்காது.

முதலில் கேஸ் ஷீட். அப்புறம் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை. அதற்குப் பிறகே கட்டிலுக்குப் போங்கள். நெல்லை மாவட்டம் திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து ஆட்களிடம் படிவத்தை நீட்டினால் வாயே திறக்க மாட்டார்கள். "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க?" என்று கேளுங்கள், பேச்சு வரும். "திரும்ப நடப்பேனா?" என்பார். மனசு கேட்காமல் "நடந்துருவீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டரைக் கூட்டிவந்து குடும்பத்தார் முன்னால் சொல்ல வையுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்தது, பார்த்துக்கொள்ளப் போவது யார்? பெரும்பாலும் மனைவி. அவர் பீடி சுற்றுகிறவர் என்றால், "படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட முடியாது. ஒவ்வொரு முறை தட்டை வைத்துவிட்டு எழும்போதும் அன்றைய கூலி குறையும். எத்தனை மணிக்கு இலை வெட்டுகிறார், எப்போது பீடிக் கடைக்குப் போகிறார் என்று கேட்டு, அவரோடு உட்கார்ந்தே நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி முறை மகனுக்கோ கொழுந்தனுக்கோ போகட்டும். ஆம்பிளைகள் இருக்கும் வீட்டிலும் இந்த வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது. நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. மகனை வார்டுக்கு வரவழைத்து, நர்ஸ் முன்னால் அவனையே திருப்பிப் போடச் சொல்வேன்.

வீட்டுக்கு டேப்போடு போங்கள். வாசல்படி, கதவு அகலம், கக்கூஸ் மூன்றையும் அளந்தால் போதும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். அரையடிப் படிக்கு ஆறடி. தெருவில் நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டாரிடமும் நீங்களே பேச வேண்டியிருக்கும்.

காகித வேலையை வார்டில் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். இழுத்தடித்தால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள் இருக்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் உள்ள மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு மையமான அமர் சேவா சங்கத்துக்கு ஒரு முறை அனுப்புங்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. அவர் கதையைப் பிரசங்கம் செய்ய வேண்டாம். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் கட்டிலுக்கு மாறுவதை அடிபட்டவர் கண்ணால் பார்த்தால் போதும்.

பிழைப்புக்கு எல்லோருக்கும் 'பெட்டிக்கடை' என்று எழுதித் தள்ளாதீர்கள். பனையேறிக்குக் கருப்பட்டி வியாபாரம் தெரியும், ஓலைப்பெட்டி முடையத் தெரியும். அவரிடமே கேளுங்கள்.

வீட்டுக்குப் போனபின் போன் பண்ணும்போது "நல்லா இருக்காரா?" என்று கேட்டால் "இருக்காரு" என்றுதான் பதில் வரும். "பிட்டத்துல தோல் செவந்திருக்கா? மூத்திரம் கலங்கலா வருதா? காய்ச்சல் அடிக்கா?" என்று கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆமா' வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி ஆளை வரவழையுங்கள்.