ஒன்பதடி ஃபைபர் கிளாஸ் கம்பு: கட்டுவதும் லைன் பூட்டுவதும்

ஃப்ளை ராடு என்பது பூச்சி போலக் கட்டிய போலி இரையை வீசும் தூண்டில் கம்பு. ஃபைபர் கிளாஸில் அது என்றாலே ஏழு அடி, ஏழரை அடிதான் என்று டிரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு. மரக்கிளை கவிந்த சின்ன ஓடைக்கு அது போதும். ஒன்பதடியில் கட்டப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "நனைந்த துடைப்பத்தையா வீசப் போகிறாய்?" என்று ஒருவர் கேட்டார். முதலில் கட்டியது அப்படித்தான் அமைந்தது. இரண்டாவது அமையவில்லை. இரண்டும் ஒரே மாதிரி பிளாங்க்தான், அதாவது எதுவும் பூட்டாத வெறும் கம்பு. முதல் கம்பின் மேல் துண்டில் ஏழெட்டு கிராம் கூடுதலாக ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். கைப்பிடியில் பத்து கிராம் கூடினால் கைக்குத் தெரியாது. நுனியில் ஒரு கிராம் கூடினால் வீச்சு முடிந்த பிறகும் கம்பு ஆடிக்கொண்டே நிற்கும்.

அப்படியும் ஏன் நீளக் கம்பு? நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், பிங்ஹாம்டன் பக்கம். போவது டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்கு. கேனன்ஸ்வில் அணையின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் ஜூலையிலும் எலும்பைக் குத்தும். அதனால்தான் கோடையிலும் அங்கே பூச்சி பொரிக்கும், பிரவுன் டிரவுட் மேலே வரும். ஆறு அகலம், மீன் நிற்பது எதிர்க்கரை நிழலில். இடையில் ஓடும் வேகமான தண்ணீர் லைனை, அதாவது கம்பு வீசும் கனமான நூலை, இழுத்துக்கொண்டு போகாமல், அதைத் தூக்கி மேற்பக்கமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நீளம் வேண்டும். மெல்லிய நரம்பில் பெரிய மீன் சட்டென்று திரும்பினால் அறுந்துவிடாமலிருக்கக் கம்பு இளகிக் கொடுக்கவும் வேண்டும். அதற்குக் கிளாஸ்.

வேலை தராசில் தொடங்குகிறது, பசையில் அல்ல. சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பிளாங்க் மூன்று துண்டு, 94 கிராம். கட்டி முடித்தபோது 146. கூடிய 52 கிராமில் பெரும்பங்கு கைப்பிடியிலும், ரீலைப் பூட்டும் ரீல் சீட்டிலும்தான் உட்கார்ந்தது. அங்கே இருக்கட்டும், எதிர்ப்பாரமாக நிற்கும்.

முதலில் துண்டுகளைப் பூட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். எந்தக் கம்பும் முழு நேராக இருக்காது. ஒவ்வொரு துண்டிலும் லேசான வளைவு இருக்கும். அந்த வளைவு மேல்நோக்கி வரும்படி வைத்து, கீழ்ப்பக்கத்தில் பென்சில் புள்ளி வையுங்கள். லைன் ஓடும் வளையங்களான கைடுகள் கீழே தொங்கும்போது அந்தப் பாரமே கம்பை நிமிர்த்தும். 'ஸ்பைன்' என்று ஒன்று உண்டு. நுனித் துண்டை மேசையில் ஊன்றி நடுவில் அழுத்தினால் தானாக உருண்டு ஒரு பக்கம் நிற்குமே, அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் கிளாஸ் கம்பில் ஸ்பைனை விட நேராக இருப்பதுதான் முக்கியம்.

கைப்பிடிக்குத் தக்கை வளையங்கள். அரை அங்குல கனத்தில் பதினான்கு வாங்கினால் ஏழு அங்குலக் கைப்பிடி. அம்பாசமுத்திரத்தில் அம்மாவிடம் போனில் விலையைச் சொன்னேன். "ஏலே, தக்கைக்கு இம்புட்டுத் துட்டா? பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்துலயே விடவா இவ்வளவு பாடு?" என்றாள். பதில் இல்லை. தாமிரபரணியில் மூங்கில் கம்பும் தங்கூஸ் நரம்பும் வைத்துக் கெண்டை பிடித்த காலத்தில் தக்கை என்பது செருப்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டு.

வளையங்களை ஒட்டி, கிளாம்பில் ஒரு இரவு இறுக்கி வைத்து, டிரில்லில் மாட்டிச் சுழற்றி உப்புத்தாளால் வடிவம் கொண்டுவரலாம். 80இல் தொடங்கி 150, 220, 400 வரை போனால் கன்னம் போல வழவழப்பாகும். பிறகு உள்துளையை உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். கைப்பிடியைக் கம்பின் மெல்லிய பக்கத்திலிருந்து கீழே தள்ளிப் பார்த்து, போக வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே இறுக வேண்டும். அப்போதுதான் பசை போட்டுத் தள்ளும்போது கச்சிதமாக உட்காரும்.

ரீல் சீட்டில் கிளாஸுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கிராஃபைட்டை விடக் கிளாஸ் பிளாங்கின் அடி தடிமனாக இருக்கும். கிராஃபைட்டுக்கென்று துளையிட்ட மரச் சீட் உள்ளே போகாது. வாங்குவதற்கு முன் அடி விட்டத்தை அளந்துவிடுங்கள். நான் அளக்காமல் வாங்கி, வால்நட் மரத்தை அரம் கொண்டு குடைந்து, ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன். இன்னொன்று: வளையம் கீழ்நோக்கி இறுகும் வகை சீட்டையே வாங்குங்கள். ரீல் கம்பின் கடைக்கோடிக்குப் போகும், நுனி இன்னும் கொஞ்சம் இலகுவாகும்.

இனி கைடுகள். நுனியிலிருந்து அளந்து பென்சிலால் குறியுங்கள். முதல் கைடு ஐந்து அங்குலத்தில். அடுத்தடுத்த இடைவெளி அரை அங்குலம் கூடிக்கொண்டே போகட்டும். 5, 10.5, 16.5, 23, 30, 37.5, 45.5, 54, 63. இந்த ஒன்பதும் ஸ்நேக் கைடுகள், வெறும் வளைந்த கம்பி. கடைசியாக 75இல், கைப்பிடிக்கு நெருக்கமாக, ஒரு ஸ்டிரிப்பிங் கைடு, பத்து மில்லிமீட்டர் வளையம். மூன்று துண்டுக் கம்பில் இணைப்பு 36இல் வருவதால், 37.5இல் உள்ளது இணைப்புக்குப் பக்கத்திலேயே விழும். அரை அங்குலம் கீழே தள்ளினாலும் குற்றமில்லை. பீங்கான் வளையம் வைத்த கைடுகளைப் பார்த்து மயங்காதீர்கள். என் முதல் கம்பில் மேலிருந்து கீழ் வரை அதைத்தான் வைத்து நுனியைக் கனமாக்கினேன். ஸ்டிரிப்பிங் கைடுக்கு மட்டும் பீங்கான் போதும்.

கட்டுவதற்கு முன் கைடு காலின் முனையை அரத்தால் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நூல் ஏறும் இடத்தில் ஒரு படி விழும். ஒவ்வொரு கைடையும் ஒட்டு நாடாவால் கம்பில் நிறுத்தி, ரீல், லைன் எல்லாம் மாட்டி, புல்வெளியில் போய் வீசிப் பாருங்கள். லைன் கம்பில் உரசுகிற இடம் அங்கேயே தெரிந்துவிடும். நூல் கட்டிய பிறகு தெரிந்தால் பிளேடு எடுக்க வேண்டியிருக்கும்.

நூல் கட்டுவதுதான் இதில் சுகமான வேலை. 'ஏ' அளவு நைலான் நூல். நூற்கண்டை ஒரு டீ கப்பில் போட்டு, நூலைத் தடிமனான பழைய டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவே விட்டு எடுத்தால் போதுமான இழுவை கிடைக்கும். இழுவை போதாவிட்டால் மேலே இன்னொரு புத்தகம். சுழல்வது கம்பு, நூல் நின்ற இடத்தில் நிற்கும். கைடுக்குக் கால் அங்குலம் முன்னால் கம்பின் மேலேயே தொடங்கி, நூலின் தலையைச் சுற்றுக்கு அடியில் புதைத்து, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றிப் போங்கள். இடுக்கும் கூடாது, மேலேறவும் கூடாது. முடிக்க ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது தனியாக ஒரு நூலை வளையமாக மடித்து அடியில் வைத்து, அதன் மேல் சுற்றுங்கள். கடைசியில் நூலை வெட்டி, முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தை இழுத்தால் முனை சுற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மிச்சத்தைப் புது பிளேடால் நறுக்குங்கள். இடுக்கு தெரிந்தால் ஸ்பூனின் முதுகால் நெருக்கித் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

இணைப்பின் பெண் பக்கத்து விளிம்பை, அதாவது மறு துண்டு உள்ளே நுழையும் வாயை, மறக்கக்கூடாது. அங்கே முக்கால் அங்குலமாவது நூல் சுற்ற வேண்டும், நெருக்கமாக. முதல் கம்பில் அழகுக்காக நாலே சுற்று போட்டேன். மே மாதம், தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து நகத்தளவு விரிசல். அன்றைக்கு வீட்டுக்குத்தான்.

நூலின் மேல் பூசும் எபாக்ஸியில் பலர் கெடுப்பது இரண்டே விஷயம். ஒன்று, கண்ணளவில் கலப்பது. ஊசியில்லாத இரண்டு சிரிஞ்ச் வைத்து, இரண்டு பாகத்தையும் சமமாக எடுங்கள். ஒன்று கூடினால் வாரக்கணக்கானாலும் பிசுபிசுக்கும். இரண்டு, கனமாகப் பூசுவது. மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். குமிழி மேலே வந்து உடையும், சீக்கிரம் இறுகவும் செய்யாது. தூரிகையால் நூலின் பள்ளங்கள் நிரம்பும் அளவுக்கு ஒரே பூச்சு. நூலின் வரி வரியான தடம் லேசாகத் தெரிந்தால்தான் சரியான கனம். கண்ணாடி உருண்டை போல வழுவழுவென்று இருந்தால் கடைக்காரர் பாராட்டுவார், கை திட்டும். பூசியதும் நாலைந்து மணி நேரம் கம்பு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தொங்கிவிடும். நான் கோழி வாட்டும் மோட்டாரைத்தான் பயன்படுத்துகிறேன். அது வாங்கும் முன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கையாலேயே திருப்பிக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு. அப்புறம் ஒரு முழு நாள் தொடக்கூடாது.

சரி, லைன். பிளாங்கில் லைன் எண் 6 என்று லேபிள் ஒட்டியிருந்தது. விற்றவர் தப்பாக ஒட்டினாரா, வேறு யார் ஒட்டினாரோ, எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் தீர ஒரு சுலபமான வழி உண்டு. வில்லியம் ஹான்னமன் என்பவர் வகுத்தது, அமெரிக்கக் காசு வைத்து அளப்பது. 1983க்குப் பிறகு அடித்த ஒரு சென்ட் காசு சரியாக 2.5 கிராம். கம்பின் கைப்பிடியை மேசை விளிம்பில் படுக்கையாக அசையாமல் இறுக்குங்கள். நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு காசாகப் போடுங்கள். நுனி, கம்பு நீளத்தில் மூன்றிலொரு பங்கு கீழே இறங்கும்போது நிறுத்தி எண்ணுங்கள். ஒன்பதடிக் கம்பு என்றால் 36 அங்குலம். என் கம்பு 47 காசில் இறங்கியது. நண்பர் நெடுநாளாக 5ஆம் எண் லைனில் நிம்மதியாக வீசும் கம்பைக் கடன் வாங்கி அளந்தேன், அதற்கு 49. ஆக, லேபிள் என்ன சொன்னாலும் என்னுடையது 5தான். இப்படித் தெரிந்த ஒரு கம்போடு ஒப்பிட்டால் அட்டவணை எதுவும் வேண்டாம்.

லைன் எண் என்பது அதன் முதல் 30 அடியின் எடை. 5ஆம் எண் 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். 6ஆம் எண் 160. ஒரு கிரெயின் என்பது சுமார் அரைக் குன்றிமணி என்று வைத்துக்கொள்ளுங்கள், நகைக்கடைக் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பிடிபடும். இதில் கவனிக்க வேண்டியது, 30 அடிக்கு மேல் வெளியே விட்டால் எடையும் கூடும். இரு பக்கமும் ஒரே மாதிரி சரியும் 'டபுள் டேப்பர்' லைனில் 45 அடி வெளியே போனால் சுமார் 210 கிரெயின். அது 8ஆம் எண் லைனின் 30 அடிக்குச் சமம்! எப்போதும் தூரமாக வீசுகிறவர் ஒரு எண் குறைத்துப் போடலாம், கால்மாட்டிலேயே மீன் பிடிக்கிறவர் ஒரு எண் கூட்டலாம். நான் இரண்டும் செய்கிறவன், அதனால் டபுள் டேப்பர் 5. லைனைத் தூக்கித் திருப்பிப் போட, கைடுகளுக்கு வெளியே தடித்த பாகம் இருக்க வேண்டும். முன்பக்கம் கனத்து அப்புறம் மெலிந்துபோகும் லைனில், தூரத்தில் அந்த வேலை சரியாக நடக்காது. ஒரு முனை தேய்ந்தால் டபுள் டேப்பரைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பது கொசுறு.

ரீலில் முதலில் அடிநூலாக இருபது பவுண்டு டேக்ரான், எழுபது கஜம். அதன் மேல் லைன், நெயில் முடிச்சில். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, கைடுக்குள் இழுத்துப் பாருங்கள். தட்டாமல் ஓட வேண்டும். முன்பக்கம், லைனுக்கும் இரைக்கும் நடுவே, ஒன்பதடி மெல்லிய நரம்பு, அதுதான் லீடர், நுனியில் 5எக்ஸ். எக்ஸ் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால் நரம்பின் கனம் ஆயிரத்திலொரு பங்கு அங்குலத்தில் கிடைக்கும். 5எக்ஸ் என்றால் ஆறு. சல்ஃபர் பூச்சி பொரிக்கும் மாலைகளில் நான் 6எக்ஸுக்கும் இறங்குவேன், இந்தக் கம்பில் பயமில்லை.

ரீலை மாட்டி, கைப்பிடியின் மேல் பாதியில் ஒரு விரலில் கம்பை நிறுத்திப் பாருங்கள். நுனி சாய்ந்தால் கொஞ்சம் கனமான ரீல் போடுங்கள். எனக்கு என் பழைய ரீலே, 150 கிராம், சரியாக நின்றது.

முதல் நாள் ஆற்றுக்குப் போகும் முன் இணைப்பின் ஆண் பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீசும்போது மெல்ல மெல்லக் கழன்று, ஒரு நல்ல வீச்சில் நுனித் துண்டு லைனோடு சேர்ந்து ஆற்றுக்குள் போகும். நண்பர் ஒருவருக்குப் போனது. லைனை இழுத்து எடுத்துவிட்டார், அன்று முழுக்க நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வாரம் எனக்கும் போனது.