மதியத்துக்கு மேல் கசிந்த பம்ப் உடல்கள்
கோவையில் எங்கள் பட்டறையில் எல்எம்25 என்ற அலுமினியக் கலவையில் பம்ப் உடல் வார்க்கிறோம். காலையில் ஊற்றியவை நன்றாக இருந்தன. மதியத்துக்கு மேல் ஊற்றியவை தண்ணீர்த் தொட்டியில் அழுத்திச் சோதித்தால் குமிழி விட்டன. இரண்டையும் அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் அரித்துப் பார்த்தேன். காலை வார்ப்பில் உலோகத்தின் மணிகள் (படிகங்கள்) பொடிமணல் போல, மதிய வார்ப்பில் கடுகளவு!

கோளாறு, மணிகளைப் பொடியாக்க உருகிய உலோகத்தில் போடும் டைட்டானியம்-போரான் கம்பியில். காலையில் ஒரு முறை போட்டதோடு சரி. அதிலுள்ள டைட்டானியம் டைபோரைடு துகள்கள்மேல்தான் மணிகள் முளைக்கின்றன. அவை உருகிய அலுமினியத்தைவிடக் கனம். நேரம் ஆக ஆக உலையின் அடியில் படிந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் கம்பி போட்டு அடிவரை மெதுவாகக் கலக்குகிறோம். அப்புறம், ஊற்றும் சூட்டையும் 760 டிகிரியிலிருந்து 720க்கு இறக்கினேன். குமிழி நின்றுவிட்டது.