பழைய எஞ்சின் ஆயில்: வடசென்னை வகுப்பறைக்கு ஒரு பாடம்

இந்தப் பாடத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்காமல் தெருவிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டில் எத்தனை வண்டிகள் உள்ளன, எங்கே ஆயில் மாற்றுகிறார்கள் என்பதை மாணவர்கள் முதல் நாளே கேட்டு எழுதி வரட்டும். ஒரு பைக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் வடியும். வகுப்பின் மொத்தக் கணக்கைக் கரும்பலகையில் கூட்டிப் பார்க்கும்போது பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள்.

அடுத்தது சோதனை. தேய்ந்த உலோகத் துகள்களும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்களும் பழைய ஆயிலில் கலந்திருப்பதால், அதை யாரும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. சமையல் எண்ணெயே போதும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி எண்ணெயை விட்டு, பஞ்சு, காகிதம், கரண்டி என எதைக் கொண்டாவது முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போராடினாலும் தட்டின் ஓரத்தில் மினுமினுப்பு நிற்கும். ஒரு கோழி இறகை அதில் தோய்த்தால், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்குவதையும் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்ததையும், மீனவர்கள் அதை வாளியில் அள்ளியதையும் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். அதை நேரில் கண்ட பிள்ளை வகுப்பில் இருந்தால், நாம் சொல்வதை விட அவர் சொல்வதே மேல்.

பழைய ஆயிலைத் தெரு வடிகாலில் கொட்டக் கூடாது என்று சொன்னதும், “சாக்கடையெல்லாம் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது?” என்று யாராவது கேட்பார்கள். கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு என்பதை இங்கே நிதானமாக விளக்க வேண்டும். வடிகாலில் விழுந்தது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓட்டேரி நல்லா போன்ற ஓடைகள் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. தங்கள் தெரு வடிகாலிலிருந்து கால்வாய் வரையுள்ள வழியை ஒவ்வொருவரும் வரைந்து வரட்டும்.

மறுசுழற்சியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஆயில் அழுக்கடைகிறதே தவிர அதன் அடிப்படை எண்ணெய் வீணாவதில்லை, நீரையும் கசடையும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மீண்டும் மசகு எண்ணெயாகிவிடும். அதற்காகச் சேமிப்பவர்கள் பெட்ரோலையும் கூலன்டையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அதில் கலக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். ஆயில் வந்த கேனையே நன்றாக மூடி வைப்பதே சரி.

கடைசி வகுப்புக்குப் பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். பழைய ஆயிலுக்கு விலை உண்டு என்பதால், பலர் அதைக் கொட்டாமல் விற்கவே செய்கிறார்கள். வாங்குபவர் அதைக் கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவோ உலையில் எரிக்கவோ கொடுத்தால் பயனில்லை. 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே மாணவர்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “அண்ணா, நிறைஞ்ச கேனை யார் வந்து எடுத்துட்டுப் போறாங்க?”